வியாழக்கிழமை நீல மாத்திரை எதற்கு? பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை: ஓர் எளிய விளக்கம்

ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மாணவி இருந்தாள். முதல் பீரியடிலேயே கண் சொருகும். மூன்றாவது பீரியடுக்குள் தலை மேசைமேல் சாய்ந்துவிடும். மாடி வகுப்புக்கு ஏறி வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். இரண்டு முறை அவளை எழுப்பி நிற்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒருநாள் பக்கத்துப் பெண், "டீச்சர், இவ சாக்பீஸ் திங்கிறா" என்றாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்குப் பக்கத்தில், ஓரம் கடித்த நாலைந்து சாக்பீஸ் துண்டுகள். அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்க் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.4. அவள் வயதுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது.

"ராத்திரியெல்லாம் போன் பாக்குறா போல, அதான் எந்த வேலை சொன்னாலும் சோம்பல்னு நெனச்சேன் டீச்சர்" என்று அவள் அம்மா அழுதார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு, சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம். நாற்பது பேர் படிக்கும் ஒரு பதினொன்றாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். இது எங்கோ ஒரு பிள்ளைக்கு வரும் நோய் இல்லை.

ரத்தம் குறைகிறதா, வேறு ஏதாவது குறைகிறதா?

"பொண்ணுக்கு ரத்தமே இல்ல" என்று வீட்டில் சொல்வோம். உண்மையில் ரத்தத்தின் அளவு பெரிதாகக் குறைந்திருக்காது. குறைந்திருப்பது ரத்தத்தின் சரக்கு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய் மூளை, தசை, இதயம் என்று எல்லா இடத்திலும் இறக்கிவிடுவது அதுதான். ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இரும்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்சிஜனைப் பிடிக்கும் கை அந்த இரும்புதான். இரும்பு போதவில்லை என்றால் ஹீமோகுளோபின் குறையும், சிவப்பணுக்களும் சிறுத்து வெளிறிப் போகும்.

அப்போது உடம்பு என்ன செய்யும்? ஒரு நடைக்குக் கொண்டுபோகிற சரக்கு குறைந்துவிட்டதால் நடையைக் கூட்டும். இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும். மாடிப்படியில் நான் பார்த்தது அதைத்தான்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 11 வயது வரை 11.5-க்குக் குறைந்தாலும், 12 முதல் 14 வயது வரை 12-க்குக் குறைந்தாலும் ரத்தசோகை. 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு அதே 12, ஆண்களுக்கு 13. பன்னிரண்டு வயது தாண்டிய பெண் பிள்ளைக்கு 8-க்குக் கீழே போனால் அது கடுமையானது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "பதினொன்னு இருக்கே, பரவால்ல" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். அது பரவாயில்லாத எண் அல்ல.

குதிர் காலியாவது வெளியே தெரியாது

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம்.

பழைய வீட்டில் நெல் குதிர் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரில் நெல் குறைந்துகொண்டே வரும்போதும் வீட்டில் மூன்று வேளையும் சோறு வேகும். பந்தியில் உட்கார்ந்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. குதிர் துடைத்த மாதிரி ஆன பிறகுதான் தட்டில் சோறு குறையும். உடம்பிலும் இரும்புக்கு ஒரு குதிர் இருக்கிறது. ஈரல், எலும்பு மஜ்ஜை, மண்ணீரல் ஆகிய இடங்களில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் இரும்பு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். முதலில் தீர்வது அதுதான். ஹீமோகுளோபின் 12.2 என்று வரும், ஆனால் குதிர் காலியாக இருக்கும். பிள்ளை மட்டும் சோர்வாக இருப்பாள். மருத்துவர் ஃபெரிட்டின் டெஸ்ட் எழுதிக் கொடுப்பது இதைப் பார்க்கத்தான். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு தெளிந்த பிறகு எடுப்பது நல்லது.

குதிர் காலியானால் படிப்பும் அடிபடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 1996-ல் வெளியானது. ரத்தசோகை வராத, ஆனால் இரும்புச் சேமிப்பு குறைந்த 81 மாணவிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரையும் மீதிப் பேருக்கு இரும்பு இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். கடைசியில் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில் இரும்பு சாப்பிட்டவர்கள் மேலாகச் செய்தார்கள். மூளையில் சேதி கடத்தும் டோபமின் என்ற பொருள் உருவாகவும், நரம்புகளின் மேலுறை உருவாகவும் இரும்பு வேண்டும். "எவ்வளவு படிச்சாலும் மண்டைல நிக்க மாட்டேங்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சாக்கு என்று நினைப்பதை நான் விட்டுவிட்டேன்.

சாக்பீஸ், மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ் என்று உணவல்லாததையோ வேகாததையோ வாய் தேடுவதும் இரும்புக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வருகிற ஒன்று. அடித்தோ திட்டியோ அதை நிறுத்த முடியாது. குறை தீரும்போது அந்த ஆசையும் பெரும்பாலும் தானே போய்விடுகிறது.

ஏன் இந்த வயதில்?

நம் உடம்பு இரும்பை வீணாக்குவதே இல்லை. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். செத்ததும் மண்ணீரலில் உடைந்து, அதன் இரும்பு புது அணுவுக்குப் போய்விடும். வளர்ந்த ஆணுக்கு உணவிலிருந்து ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

வளரும் பிள்ளைக்கு அது பற்றாது. உடம்பின் ரத்தம் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். 28 கிலோ எடையில் இரண்டு லிட்டர் ரத்தம் இருந்த பெண், நாலைந்து வருடத்தில் 48 கிலோ ஆகும்போது மூன்றேகால் லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் ரத்தத்துக்கும், புதுத் தசைக்கும் இரும்பு வேண்டும். அதே சமயத்தில் மாதவிடாயும் தொடங்குகிறது. சராசரியாக ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போகும், அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பும் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் 13-15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 19 மட்டும்தான். "அப்பாவுக்குப் போட்டது போக" என்ற பழக்கம் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டலாம்.

அதே வயதுப் பையன்களுக்கும் 22 வேண்டும். மீசை முளைக்கும் வயதில் அவர்களும் ஒரே வருடத்தில் ஆறேழு சென்டிமீட்டர் நெடுநெடுவென வளர்கிறார்கள். ரத்தசோகை பெண்களுக்கு மட்டும் என்று அவர்களைப் பரிசோதிக்காமலே விட்டுவிடுகிறோம்.

தட்டில் என்ன இருக்கிறது

"பீட்ரூட் ஜூஸ் தினமும் கொடுக்குறேன், மாதுளை கொடுக்குறேன், அப்படியும் ஏறல" என்று வாரம் ஒரு அம்மாவாவது என்னிடம் சொல்கிறார். இரண்டும் நல்ல காய், நல்ல பழம். ஆனால் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இரண்டிலும் இல்லை. நிறம் சிவப்பு என்பதற்காக ரத்தம் ஊறாது. மாதுளை வாங்கும் காசில் கால் கிலோ ஈரல் வாங்கலாம், சைவ வீடு என்றால் ஒரு மாதத்துக்கான கொள்ளும் தட்டைப்பயறும் வாங்கலாம்.

உணவில் இரும்பு இரண்டு விதமாக வருகிறது. கறி, ஈரல், மீன், கோழி ஆகியவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஏற்கெனவே ஹீம் வடிவில், அதாவது ஹீமோகுளோபினில் உட்கார்ந்திருக்கும் அதே வடிவில், இருப்பதால் குடல் அதை எளிதில் எடுத்துக்கொள்ளும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேலேயே உள்ளே போகும். தானியம், பயறு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு அப்படி இல்லை. நம் சாப்பாட்டில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குதான் உள்ளே போகிறது. நம் பாட்டிமார்கள் பூப்பெய்திய பெண்ணுக்கு ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டோ வதக்கியோ கொடுப்பார்கள். சுவரொட்டி என்பது மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைந்து இரும்பு தேங்கும் அதே உறுப்பு. இதையெல்லாம் படிக்காமலே அவர்களுக்கு எப்படிப் பிடிபட்டதோ! நன்றாக வேக வைத்துக் கொடுத்தால் இன்றைக்கும் அதை மிஞ்சுவதற்கு அதிகம் இல்லை.

சைவச் சாப்பாட்டிலும் வழி இருக்கிறது, கொஞ்சம் யோசித்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, கேழ்வரகில் நாலரை, கொள்ளில் எட்டு. முருங்கைக்கீரையிலும் கணிசமாக இருக்கிறது. இடைஞ்சல் என்னவென்றால், தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைக் கட்டிப்போட்டு விடும். ஊற வைத்தால், முளை கட்டினால், புளிக்க வைத்தால் அந்தக் கட்டு தளரும். முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சும் கம்பங்கூழும், முளைகட்டிய பயறும் இதனால்தான் உசத்தி. மகாராஷ்டிராவில் 12 முதல் 16 வயது மாணவர்களுக்கு, இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய கம்பு ரகத்தில் ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பார்த்தபோது நான்கு மாதத்திலேயே அவர்களின் இரும்புச் சேமிப்பு உயர்ந்தது.

இன்னொரு வழி வைட்டமின் சி. குடலில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்து உள்ளே அனுப்புவது அது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். மதியம் கீரையும் சோறும், மாலை நெல்லிக்காயும் என்றால் பாதிப் பயன்தான். சுண்டலின் மேல் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். கீரைச் சோற்று டிபன் பாக்ஸில் ஓரமாக ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ வையுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழியும், அதனால் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவது நல்லது.

அப்புறம் டீ. இதில்தான் நாம் நிறைய இழக்கிறோம். காலையில் இரண்டு இட்லியோடு ஒரு டம்ளர் டீ, அல்லது டீயும் பன்னும் மட்டும் என்று வரும் பிள்ளைகள் ஏராளம். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாமல் செய்துவிடும். காபியும் அதைச் செய்யும், கொஞ்சம் குறைவாக. டீயை அடியோடு நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள் என்றால் கேட்கிறார்கள், அதுவே பெரிய வித்தியாசம் தரும்.

நீல மாத்திரை

எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து இந்த இரும்பு மாத்திரையை வாங்கிப் போடுவார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் சிவப்பணு உருவாக வேண்டிய ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் 500 மைக்ரோகிராமும் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நீல நிறம், சின்னப் பிள்ளைகளுக்கு 45 மில்லிகிராமில் இளஞ்சிவப்பு. வாரம் ஒன்று கொடுப்பது ரத்தசோகை வராமல் தடுக்க. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு இது பற்றாது. அவளுக்கு மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை தனியாக மாத்திரை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கழித்துப் பெஞ்சுக்கடியில் பெருக்கினால் நீல மாத்திரைகள் உருளும். காரணம் கேட்டால் முதலில் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் ஒரு பெண், "கறுப்பா போகுது டீச்சர், பயமா இருக்கு" என்றாள். மலம் கறுப்பாகப் போவது, குடல் எடுத்துக்கொள்ளாமல் விட்ட இரும்பு வெளியேறுவதால் வருவது. அதில் பயப்பட எதுவும் இல்லை. இதை முதல் நாளே வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குமட்டல், வயிற்றுப் பிசைவு வருவது பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு மட்டும் கொடுக்க வேண்டும். பாலோடும் டீயோடும் விழுங்கக் கூடாது, தண்ணீர் போதும்.

"ரெண்டா போட்டா சீக்கிரம் ஏறுமா?" என்று கேட்பார்கள். ஏறாது. இரும்பு உள்ளே வந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அனுப்பிக் குடலின் கதவைச் சுமார் ஒரு நாள் அளவுக்குச் சாத்தி வைக்கும். உடம்புக்கு இரும்பை வெளியே தள்ள வழி இல்லாததால் உள்ளே விடும் இடத்திலேயே காவல் போட்டிருக்கிறது. காய்ச்சல், தொற்று இருக்கும்போதும் இதே கதவு சாத்திக்கொள்ளும். அடிக்கடி சளி, வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைக்கு இரும்பு ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடித்து வாழ்வது. வெறுங்காலோடு அசுத்தமான ஈர மண்ணில் நடக்கும்போது பாதத்தோல் வழியாக ஏறும். அது உள்ளே இருக்கும் வரை என்ன கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதைதான்.

ஒழுங்காக மாத்திரை போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமாக இருக்கலாம், குடலில் வேறு சிக்கல் இருக்கலாம். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவு அல்ல. பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று கேட்டே ஆக வேண்டும். ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ அது சாதாரணம் இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் சாக்பீஸ் பெண்ணும் அப்படி ஒன்பது நாள் பொறுத்துக்கொண்டிருந்தவள்தான். ஒரு மாதத்தில் 9.8, மூன்று மாதத்தில் 11.6. எண் 12-ஐ நெருங்கியதும் மாத்திரையை நிறுத்தப் போனார்கள். குதிர் நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லித் தொடர வைத்தார்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இரும்பு மாத்திரை அளவு மீறினால் விஷம். 2023 மார்ச்சில் உதகையில் பள்ளி மாணவிகள் சிலர் யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டதில் ஒரு மாணவி இறந்தே போனாள். ஆசிரியர் கண்முன்னே ஒன்றை விழுங்க வைக்க வேண்டும், அட்டையோடு கையில் கொடுக்கக் கூடாது. வீட்டில் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள். நீலமும் சிவப்புமாக மின்னும் அந்த மாத்திரை இரண்டு வயதுத் தம்பியின் கண்ணுக்கு மிட்டாயாகத்தான் தெரியும். அவன் எடுத்து வாயில் போட்டிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.